வெறும் உப்புத் தண்ணீர்

அன்று எலிக்கு நான் ஏற்றியது வெறும் உப்புத் தண்ணீர். ஆனாலும் முன்பு ஊக்கமருந்து ஏற்றிய அதே கூட்டில் விட்டதும், அது வெறிபிடித்தது போல் ஓடியது.

"மருந்தே குடுக்கலியே மிஸ், ஏன் ஓடுது?" என்றார் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்யும் மடவளை ஊர்க்காரர் பஹ்மி.

எத்தனை தரம்தான் சொல்வது? "மரபணுவின்ர செய்தியைக் கொண்டுபோற ஆர்.என்.ஏ.யைப் பிடிச்சு வைக்கிற புரதங்கள் மூளையில இருக்கு பஹ்மி. எந்தச் செய்தி நிக்கவேணும், எது அழியவேணும் எண்டு அதுகள்தான் பாக்குதுகள். மருந்து அதுகளையே மாத்திப்போடுது எண்டு நினைக்கிறன். பிறகு மருந்து போனாலும் மூளை பழையபடி வராது."

மாலையில் இருவரும் வத்தேகம பஸ்ஸில் ஏறினோம். களைப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ் வேகம் குறைந்து நின்றதும் எழுந்து, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

எதிரே யாரும் இல்லை. எல்லோரும் இறங்கி அட்டையைக் காட்டி நடக்கவேண்டியிருந்த சோதனைச் சாவடியை, போர்நிறுத்தம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். மணல்மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

"மிஸ், இங்க இப்ப ஒண்டுமில்ல. ஏறுங்க."

திரும்பினேன். பஸ் வாசலில் நின்று கூப்பிட்ட பஹ்மியின் கையிலும் அடையாள அட்டை இருந்தது.