எத்தனை வோல்ட் என்று கேட்டான்

வீட்டில் பீர் காய்ச்சும் எவர்சில்வர் அண்டாவைச் சமையல் மேடையில் சாய்த்துப்போட்டு, அதைச் சூடாக்கும் மின் காயிலை லாய்டு முறைத்துக்கொண்டிருந்தான். எத்தனை வோல்ட் என்று அடியில் பொறித்திருந்த எழுத்து சுத்தமாக அழிந்துபோயிருந்தது. அழித்தவனும் இந்த மகராசன்தான். ஒவ்வொரு முறை காய்ச்சி முடித்ததும் கம்பி நாரால் அப்படியொரு தேய்ப்பு தேய்ப்பான். வேண்டாம் என்று டார்லா கத்துவாள்.

டார்லா இப்போது அவன் மனைவி இல்லை. விவாகரத்தில் வீடும் நாயும் அவளுக்கு, அண்டா இவனுக்கு. ஷிபாய்கன் நகரத்து ஏரிக்கரையில் இந்த வாடகை ஃபிளாட்டுக்கு வந்தபின் இன்றுதான் அண்டாவைப் பெட்டியிலிருந்து எடுத்தான்.

மீட்டர் வைத்து மின்தடையைப் பார்த்தான். ஒன்பதரை ஓம். நாசமாய்ப் போக! அந்தக் கணக்கு நூற்றிருபது வோல்ட் சின்னக் காயிலுக்கும் பொருந்தும், இருநூற்று நாற்பது வோல்ட் பெரிய காயிலுக்கும் பொருந்தும். இரண்டையுமே வாங்கியிருந்தார்கள். கடைசியாக எதை மாட்டினாள் என்பது டார்லாவுக்குத்தான் தெரியும். சின்னதை இருநூற்று நாற்பதில் செருகினால் கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும்.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். காரணமில்லாமல் கூப்பிட்டால் அவள் போனை வைத்துவிடுவாள். இப்போது காரணம் இருக்கிறது. பேச்சு நன்றாகப் போனால், சனிக்கிழமை காய்ச்சுகிறேன், வாயேன் என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு "வாயேன்" சரியாக வருகிறதா என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"டார்லா, நான்தான். ஒரு சின்ன சந்தேகம்."

"யாராவது செத்துட்டாங்களா?"

"சேச்சே! அண்டா காயில். அது நூத்திருபதா, இருநூத்தி நாப்பதா?"

"எழுத்தைத் தேய்ச்சே தின்னுட்டியா? அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" அவள் சிரித்தாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உன் ஃபிளாட்டுல துணி காய வைக்கிற டிரையருக்குன்னு இருநூத்தி நாப்பது பிளக் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. துணி துவைக்கிறதெல்லாம் கீழ, எல்லாருக்கும் பொது."

"அடுப்பு?"

"கேஸ்."

"அப்போ அங்க இருக்கிறதெல்லாம் நூத்திருபது பிளக்குதான். அதுல எந்தக் காயில செருகினாலும் ஒண்ணும் கருகாது. இதுகூடவா உனக்குத் தெரியாது? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்."

தெரியும். போனை எடுக்கும் முன்பே தெரியும். "சும்மா, உறுதி பண்ணிக்கலாம்னு…" என்று இழுத்தான். அவள் பக்கம் நாய் குரைத்தது.

"எவ்வளவு ஊத்தப் போற?"

"முழு அண்டா. சனிக்கிழமை வெண்டல் வர்றான், இன்னும் நம்ம பசங்க…"

"கதை விடாத. வெண்டல் அரிசோனாவுக்கே குடிபோயிட்டான். இங்க வந்து சொல்லிட்டுத்தான் போனான்."

இவனிடம் சொல்லவில்லை. இருபது வருடம் இவன் பீரைக் குடித்தவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை!

"இல்ல டார்லா… கொதிக்கிறப்போ நுரை பொங்குமே. தண்ணி தெளிக்க ஒரு ஆள் வேணுமேன்னு…"

அந்தக் காலத்தில் தெளிப்பான் பாட்டிலோடு பக்கத்தில் நின்றது அவள்தான். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"முழு அண்டா அந்தப் பிளக்குல கொதிக்கவே கொதிக்காது, லாய்டு. பாதி ஊத்து. ஒருத்தருக்கு அது தாராளம். பாதின்னா பொங்கி வழியாது, ஆளும் வேண்டாம்."

"சரி" என்றான். "வாயேன்" வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"உடம்பைப் பாத்துக்க."

சனிக்கிழமை பாதி அண்டாதான் ஊற்றினான். கொதி வந்ததும் தெளிப்பான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றான். நுரை எழும்பியது. விளிம்புக்கு நாலு விரல் கீழேயே நின்று, தானாக அடங்கியது.