சகலையின் இஸ்திரிப்பெட்டி

என் சகலை சர்க்கிட் போர்டு செய்ய ஆரம்பிக்கும் வரை அவருக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

ஆறு வருடமாக அது என் பைத்தியம். பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் மற்றவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சால்டரிங் அயர்னோடுதான் உட்காருவேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. விரலில் நான்கு சூட்டுத் தழும்பு இருக்கிறது. மாமனார் வீட்டில் எது எரியாவிட்டாலும் "பெரிய மாப்பிள்ளையக் கூப்பிடு" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை ரிமோட்டைப் பிரித்து மாட்டியிருக்கிறேன்!

சகலை, அதாவது என் மச்சினியின் கணவர், தையல்காரர். ஐந்து மாதத்துக்கு முன் என் மேசையை எட்டிப் பார்த்து, "இது என்ன சகல?" என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் காட்டினேன்.

வீட்டில் போர்டு செய்வது இப்படி: படத்தை வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்பு பூசிய தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரி போட வேண்டும். மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கரைசலில் ஊறப்போட்டால் மை இல்லாத செம்பெல்லாம் கரைந்துபோய், ஒயருக்குப் பதிலாகக் கோடுகள் மட்டும் நிற்கும். எனக்கு ஒரு தடவைகூடக் கோடு அறுபடாமல் வந்ததில்லை. அழுத்தினால் மை பரவும், அழுத்தாவிட்டால் ஒட்டாது. இருபது வருடமாக இஸ்திரிப்பெட்டியோடு குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முதல் போர்டே பளிச்சென்று வந்துவிட்டது. மாமனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "சின்ன மாப்பிள்ளைக்குக் கை என்ன சுத்தம்!" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

இந்த நேரத்தில் மாமியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. இனி இரண்டு மாதம் உள் அறையில் படுக்கை. மாமனாருக்கோ காது மந்தம். முன் அறையில் பேப்பரை விரித்துவிட்டால், உள்ளே அத்தை தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கட்டிலில் ஒரு பட்டன், அதை அழுத்தினால் முன் அறையில் விட்டுவிட்டு எரியும் விளக்கு என்று நான்தான் யோசனை சொன்னேன். செய்தும் வைத்திருந்தேன், முப்பது ஒயரைச் செருகி. யாராவது தும்மினால் நின்றுவிடும்.

"சர்க்கிட் உங்களோடதுதான் சகல. போர்டு மட்டும் நான் போட்டுத் தர்றேன்," என்றார் அவர். திங்கட்கிழமை அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். மறுக்க வாய் வரவில்லை. விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் எட்டுக்கால் சில்லு, அந்த ஐசியையும் கழற்றிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை தையல் கடைக்குப் போனபோது அச்சடித்த தாளைக் கட்டைவிரலால் ஓரத்தில் பிடித்தபடி நீட்டினார். கட்டைவிரலை ஒட்டி, கோடுகளுக்கு நடுவே குட்டியாக எழுத்து.

"'அத்தைக்கு'," என்று சத்தமாகப் படித்தேன். "பலே, பேரெல்லாம் போட்டாச்சா?"

படித்து முடித்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. தாளில் எழுத்து இடவலம் மாறித் தெரிய வேண்டும். அப்போதுதான் கவிழ்த்து ஒட்டும்போது செம்பில் நேராக விழும். தாளிலேயே நேராகப் படிக்க முடிந்தால் மொத்தப் படமும் மாறிவிடும், ஐசியின் எட்டுக் காலும் தப்பான இடத்தில் போய் நிற்கும். என் முதல் நான்கு போர்டுகள் இப்படித்தான் குப்பைக்குப் போயின.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சரியான நேரத்தில் பிரேக்கை மிதிப்பதுதான் என் பிழைப்பே. அன்று மிதிக்கவில்லை. ஒரே ஒரு தடவை இவரும் மூக்குடைபடட்டுமே என்று இருந்தது.

"சூப்பர். போடுங்க," என்றேன்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சகலை பட்டனை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினார். மாமனார் என் பக்கம் திரும்பி, "பெரிய மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் பாருங்களேன்," என்றார். காதில் தேன் பாய்ந்தது. போர்டை அப்போதுதான் பார்ப்பவனைப் போலப் புரட்டிவிட்டு, "படமே மாறிப்போச்சு. நாளைக்கு வேற செஞ்சு எடுத்துட்டு வர்றேன்," என்றேன். சகலையின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் மதியம், வகுப்பு நடுவில், மனைவி போன் செய்தாள். "அம்மா தண்ணிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, தானே எழுந்திரிக்கப் போயி கீழ சரிஞ்சிட்டாங்க. அப்பா முன் ரூம்லயேதான் உக்காந்திருந்தாராம். முக்கால் மணி நேரம்ங்க, வெறுந்தரையில!"

நல்லவேளை, அடி எதுவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை கட்டிலில் இருந்தார். சகலை தரையில் உட்கார்ந்து, ஐசியைப் பிடுங்கி அதே போர்டின் மறுபக்கம், செம்புப் பக்கமாகவே வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"துணி மாறிப்போச்சுன்னா பிரிச்சுப் புரட்டித் தைக்கறது இல்லையா, அது மாதிரிதான்," என்றார். பட்டனை அழுத்தினார். முன் அறையில் விளக்கு மினுக்கியது. மாமனார் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஐசியை இப்படிப் புரட்டி வைக்கலாம் என்று ஆறு வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை.

அத்தை போர்டைக் கேட்டு வாங்கினார். எழுத்து திரும்பியிருக்கவே, தலைவாரும் கைக்கண்ணாடியை எதிரே பிடித்துப் படித்தார். "அத்தைக்கு. சர்க்கிட்: பெரிய மாப்பிள்ளை."

இரண்டாவது வரி சனிக்கிழமை சகலையின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்திருக்கிறது.

"உங்க பேரையும் போட்டிருக்கலாமே," என்றார் அத்தை சகலையிடம்.

"நான் வெறும் இஸ்திரிதானே அத்தை," என்றார். போர்டை வாங்கிப் பெட்டியில் வைத்துத் திருகாணியை முடுக்கினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "தாள்ல எழுத்து நேராப் படிச்சா தப்புன்னு நேத்துதான் வீடியோல பாத்தேன் சகல. அன்னைக்கு நீங்க சத்தமாவே படிச்சீங்க."

அத்தை கண்ணாடியை மெல்லக் கீழே வைத்தார்.

மாமனாருக்கு இது எதுவும் கேட்கவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் முதுகில் தட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பெரிய மாப்பிள்ளைன்னா பெரிய மாப்பிள்ளைதான்!"