கொதிக்காத ராஜ்மா

வெல்டருக்கு இரும்பை இரும்போடு ஒட்டவைக்கத் தெரியும். அடுப்படி விஷயத்தில் சுத்த சூனியம், ஆனால் ரோஷத்துக்கு மட்டும் குறைவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயிற்றுப்போக்கில் துவண்டு, குளுக்கோஸ் ஏற்றி, முந்தாநாள்தான் வீடு திரும்பிய மகளுக்குக் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள். கேட்டானா மனுஷன்? பிள்ளைக்குத் தெம்பு வரவேண்டுமாம்! ஊறிய ராஜ்மா, வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள், வட்டவட்டமாக நறுக்கிய சாசேஜ் எல்லாவற்றையும் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானையில் கொட்டி மூடினான்.

மத்தியானம் வீடே கமகமத்தது. ஆளுக்கொரு கிண்ணத்தில் ஊற்றி, அப்பனும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராஜ்மா அவன் பல்லில் கொஞ்சம் நறுக்கென்றது. மென்று தின்றால் உடம்புக்கு நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தண்ணீர் எடுத்துவந்து பார்த்தால், வாலு தன் கிண்ணத்தைக் காலி செய்திருந்தாள். மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர். வெல்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் கிண்ணத்தையும் வழித்துத் தின்று, பாத்திரம் கழுவி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மனைவிக்கு போன் போட்டான்.

"நீ கஞ்சி கஞ்சின்னு உயிரை வாங்கினியே, உன் பொண்ணு ஒரு கிண்ணம் ராஜ்மா சூப்பைக் காலி பண்ணிட்டா!"

"ராஜ்மாவா? முதல்ல அடுப்புல வெச்சு தளதளன்னு கொதிக்க விட்டீங்களா?"

"எதுக்கு? காலையிலேருந்து மின்சாரப் பானையில வெந்துக்கிட்டுத்தானே இருக்கு?"



"ஐயோ, என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க! அந்தச் சூட்டுல ராஜ்மாவோட விஷம் போகாதுங்க. நல்லா இருக்கறவங்களையே புரட்டி எடுத்துடும். இவ திரும்ப வாந்தி எடுத்தா உடம்பு தாங்குமா? உடனே இங்க தூக்கிட்டு வாங்க!"

வெல்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாலுவை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் தெருவுக்கு ஓடி டாக்சியை மறித்தான். மடியில் கிடந்தவளின் உடம்பில் எலும்புதான் இருந்தது. பாவி, பெற்ற பிள்ளைக்கு என் கையாலேயே விஷத்தை ஆக்கிப் போட்டேனே என்று உள்ளுக்குள் அலறினான். அவள் கொட்டாவி விட்டாலும் அவன் நெஞ்சு திக்கென்றது.

"வயிறு வலிக்குதாடா செல்லம்?"

"இல்லப்பா."

"குமட்டுதா?"

"இல்லப்பா."

சிக்னல் தாண்டியபோது அவன் வயிற்றுக்குள் ஏதோ முறுக்கியது. பயத்தில் வயிறு கலக்கும்தான், ஆனால் இது அந்தக் கலக்கல் இல்லை. நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"அண்ணே, ஓரங்கட்டுங்க!"

இறங்கிய வேகத்தில் சாக்கடையோரம் குந்தி, குடலே வெளியே வருவதுபோல் கக்கினான். பின்னாலேயே இறங்கிய வாலு, அவனைப் பார்த்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அப்பா, என்னாலதாம்பா! சூப்பு ஒரே காரம். சாசேஜை மட்டும் தின்னுட்டு, நீங்க தண்ணி எடுக்கப் போனப்ப மிச்சத்தை உங்க கிண்ணத்துல ஊத்திட்டேன்."

வெல்டர் திரும்பிப் பார்த்தான்.

"ராஜ்மா ஒண்ணுகூடத் தின்னலையா?"

"ஒண்ணுகூடத் தின்னலப்பா. நீங்க செத்துப்போயிடுவீங்களா?"

"போடி வாலு," என்று சிரிக்க வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த வாந்தி முட்டிக்கொண்டு வந்தது. எடுத்து முடித்து, கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, மறுபடி சிரித்தான். வாலு நம்பவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட போலாம்பா, சீக்கிரம் வாங்க" என்று இழுத்தாள்.