சந்தனமாரியின் சுளகு

கப்பலில் ஏறப்போகும் நிலாவாரை மருந்திலையில் காம்பும் பழுப்பும் பொறுக்கித் தரம் பிரிக்கும் சரக்குக் கிட்டங்கியில் முப்பிடாதிக்குத் தினமும் இரண்டு சுளகு வேலை. ஒன்று அவளுடையது, மற்றது பக்கத்தில் உட்காரும், அவள் மதினி என்று கூப்பிடும் சந்தனமாரியுடையது. மாசியிலிருந்து சந்தனமாரிக்குக் கண்ணில் புகை படர்ந்துவிட்டது. காம்பு கைக்குத் தட்டுப்படும். பழுத்த இலை தெரியாது. மேஸ்திரி செல்வதுரை வெற்றிலை போட வெளியே போனதும் முப்பிடாதி அவள் சுளகைத் தன் மடிக்கு இழுத்துக்கொள்வாள். தன்னுடையதைக் கடைசியில், களைத்த கண்ணோடு பார்ப்பாள். முதல் நாள் பாவம் பார்த்துச் செய்தது. இப்போது இரக்கமா பழக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகும்.

யுத்தத்தால் கப்பல் வரத்துக் குறைந்தது. திங்களிலிருந்து பத்துப் பேருக்குத்தான் வேலை என்று ஆகிவிட, சனிக்கிழமை செல்வதுரை ஒவ்வொரு சுளகாகக் கிளறிப் பார்த்தார்.

"சந்தனமாரி, நீ வந்துரு. ஒரு பழுப்புக் கெடையாது. முப்பிடாதி, ஒன் இலைய ஆடுகூடத் திங்காது. நீ வர வேண்டாம்."

சந்தனமாரி வாய் திறக்கப்போனாள். முப்பிடாதி அவள் தொடையைக் கிள்ளினாள். பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்றுதான் முப்பிடாதிக்கு முதலில் தோன்றியது. ஆனால் தான் பக்கத்தில் இல்லாவிட்டால் திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் மதினி பிடிபட்டுவிடுவாள். அதற்கப்புறம் எந்தக் கிட்டங்கியிலும் சேர்க்கமாட்டார்கள்.

"அண்ணாச்சி, மதினிக்குக் கண்ணு தெரியல. அந்தச் சுளகு நான் பாத்தது."

செல்வதுரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன நாளா என்னையல்லா குருடனாக்கிட்டிய. சரி, அப்ப நீ வா. அவ போட்டும்."

வேலை கைக்கு வந்துவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். தலையாட்டினால் போதும். முப்பிடாதி திரும்பிப் பார்த்தாள். சந்தனமாரியின் விரல்கள் அப்போதும் சுளகில் காம்பைத் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"காம்ப அவ எடுக்கட்டும் அண்ணாச்சி, பழுப்ப நான் எடுக்கேன். ரெண்டு பேரும் வாரோம்."

"கூலி ஒண்ணுதான்."

"ஒண்ணே குடுங்க."

"என்னமும் செய்ங்க. இலை கெட்டா ரெண்டு பேரும் வெளிய."

தெருவுக்கு வந்ததும் சந்தனமாரி அவளைக் கடிந்துகொண்டாள்.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா? அரைக் கூலிய வச்சிப் பிள்ளையளுக்கு என்னத்தப் பொங்கிப் போடுவ?"

"தெரியல மதினி. நாளைக்கு யோசிக்கேன். இங்கன பள்ளம் கெடக்கு, கையப் பிடிங்க."