அப்பா பக்கம்

என் கணவர் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு வண்ணம் ஒட்டியிருக்கும். அவருடைய மறைந்த அப்பா ஆப்பிரிக்க வம்சாவளிக் கறுப்பர், அம்மா தமிழச்சி. வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

சிறுநீரகம் பழுதென்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று படிவத்தை நான்தான் நிரப்பினேன். இனம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஒரு கட்டத்தில்தான் குறி போடலாம்.

“ஏங்க, இதுல எதைப் போட?”

“கடை நிற கார்டுல நாப்பது வெள்ளை இருக்கு. எல்லாத்துக்கும் பேரு வெச்சது கம்பெனி. இதுவும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க அம்மா பேச்சைக் கேட்டாச்சு, இதுலயாவது அப்பா ஜெயிக்கட்டும்.”

சிரித்துக்கொண்டே கறுப்பர் கட்டத்தில் குறி போட்டேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மாதாமாதம் ரத்தம் எடுத்து, சிறுநீரகத்தின் நிலைமைக்கு ஓர் எண் சொல்வார்கள். அது இருபதுக்குக் கீழே போனால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறும். அவருக்கு இருபத்துமூன்று, இருபத்திரண்டு, இருபத்தொன்று என்று அடம்பிடித்தது. ஆளோ துரும்பாகிக்கொண்டிருந்தார். எட்டு மாதம் கழித்து, பரிசோதனைக்கூடத்துப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அக்கா, கறுப்பர் கட்டத்துல இருக்கிறவங்களுக்குத் தசை ஜாஸ்தின்னு கம்ப்யூட்டர் எண்ணை ஏத்திக் காட்டும். கட்டத்தை ஆசியர்னு மாத்துனா இவருக்குப் பதினெட்டுதான்.”

“தசையா? ஹேங்கர்ல சட்டை மாட்டுன மாதிரி இருக்காரு.”

“கம்ப்யூட்டர் அவரைப் பாத்ததே இல்லையேக்கா.”

மாற்ற அவர் கையெழுத்து வேண்டும். மூன்று வாரம் அவர் அந்தத் தாளைத் தொடவில்லை.

“வெறும் பேருன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பேருதான். அந்தப் பேரைச் சொல்லித்தான் அப்பாவுக்கு யாரும் வாடகைக்கு வீடு தரல. பேரு பொய்யாவே இருக்கட்டும்டி, அவரு பட்டதும் பொய்யா?”

தாளை அவர் மடியில் வைத்துவிட்டு நின்றேன். கடைக்குப் போய் மாதக்கணக்காகியிருந்ததால் நகக்கண் சுத்தமாக இருந்தது. கையெழுத்தைப் போட்டார்.

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

வரிசையில் பெயர் ஏறியது. அவருக்கு முன்னால் நானூறு பேர். ஐந்தாம் மாதம் போய்விட்டார்.

இறப்பைப் பதியப் போனால் அங்கேயும் அதே கட்டங்கள். கறுப்பர் என்று போடச் சொன்னேன். குமாஸ்தா ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் புரட்டினார்.

“ஆசியர்னு அவரே மாத்திக் கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா. கடைசியா போட்டதுதான் செல்லும்.”

அதிலும் மாமனார் தோற்றார்.