நூற்றுப் பதினான்காம் எண் கண்ணாடி

"தம்பி, கத்தரிக்கோல எடு. இன்னைக்கு இந்தப் பெட்டிய ஒடைச்சிருவோம்," என்றார் மாயக்கண்ணன்.

நாகேந்திரன் கத்தரிக்கோலைத் தேடுவது போல் மேசை இழுப்பறையைத் துழாவினான்.

மேசைமேல் இருந்தது சீல் பிரிக்காத ஓர் அட்டைப் பெட்டி. மேலே மூக்கு நீண்ட பழைய ஜெர்மன் லாரியின் படம். உள்ளே அதே லாரி, அசலில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிய துண்டுகளாகக் கிடந்தது. ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்தால் முழநீளத்தில் ஒரு லாரி எழுந்து நிற்கும்.

மாயக்கண்ணன் சவுதியில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய லாரி அது. அங்கேயே ஒரேமாதிரி இரண்டு பெட்டிகள் வாங்கினார். ஒன்றை நாகேந்திரனுக்குக் கொடுத்தார். "நீ கட்டு. எனக்குக் கை நடுங்குது. இன்னொண்ணு சீலோட கெடக்கட்டும். பாத்துக்கிட்டே இருப்பேன்," என்றார்.

நாகேந்திரனுக்குத் தொழில் பல் செட் செய்வது. காரைக்குடியில் நாலு பல் டாக்டர்கள் அவனிடம்தான் அச்சு அனுப்புவார்கள். தச்சு வேலைக் குடும்பம். அப்பாவுக்கு உளி, அவனுக்குப் பல். அவனுடைய பல் லேபின் முன் அலமாரி முழுக்க அவன் கட்டிய கார்களும் லாரிகளும்தான். விடுமுறையில் ஊருக்கு வந்த மாயக்கண்ணன் கடைவாய்ப் பல் வைக்கப் போய் அந்த அலமாரியின் முன் ஒரு மணி நேரம் நின்றார். அப்படித்தான் பழக்கம். இருவர் வீடும் அடுத்தடுத்த தெரு.

"சீலோட இருக்கட்டும்னு சொன்னீகளே அண்ணே? இப்ப என்ன அவசரம்?" என்றான் நாகேந்திரன். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"நம்ம அழகுசுந்தரத்துக்கு வார மாசம் அறுபதாம் கல்யாணம்யா. அவனும் நானும் அந்த லாரி கேபின்லதான மாறி மாறித் தூங்குனோம்? இதக் கட்டி அவன் கையில குடுத்தா அழுதுருவான் பய. நீதான் கட்டித் தரணும்."

கத்தரிக்கோல் சீலைக் கிழித்தது. நாகேந்திரன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அந்தச் சீலைப் போட்டது எந்தக் கம்பெனியும் இல்லை, அவன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் மாடல் வண்டிகள் கண்காட்சி நடந்தது. அதற்கு முந்தின நாள். மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நாகேந்திரனின் லாரி முடிந்துவிட்டது, முன்கண்ணாடி மட்டும் பாக்கி. கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான் போட வேண்டும். அது காய ஒரு ராத்திரி ஆகும். இரண்டு தடவை வைத்தான், இரண்டு தடவையும் நழுவி உள்ளே விழுந்தது. எரிச்சலில் உடனே ஒட்டும் பசையை ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்தான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பசையின் ஆவி பட்டு முழுக் கண்ணாடியும் பால் ஊற்றினாற்போல் வெளுத்திருந்தது.

இந்தப் பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று புதிதாகக் கட்ட வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவன் அவன். தேய்த்துப் பார்த்தான். கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அப்போது மாயக்கண்ணனும் அவர் மனைவி முத்தழகும் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவியை அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள். பட்டப்பகலில், கையில் வாளியோடு உள்ளே போனான். பெட்டியின் அடிப்பக்கச் சீலைப் பிரித்தான். பட்டியலில் நூற்றுப் பதினான்காம் எண்ணாக இருந்த முன்கண்ணாடியை வெட்டி எடுத்தான். சீர்வரிசைத் தட்டுக்குச் சுற்றுகிற கண்ணாடித்தாளை வாங்கி வந்து, பெட்டியில் சுற்றி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினான். தாள் சுருங்கிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. அவன் வேலை எப்போதும் சுத்தம். செடிகளுக்கும் மறக்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான்.

அந்த லாரிக்கு முதல் பரிசு கிடைத்தது. கோப்பையோடு அவன் நின்ற படத்தை மாயக்கண்ணன் ஒரு மாதம் தன் வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார். "என் தம்பி" என்று எழுதி.

"நூத்திப் பன்னெண்டு... நூத்திப் பதிமூணு..." மாயக்கண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்தார். "நூத்திப் பதினாலு எங்கய்யா?"

"விட்டுப்போயிருக்கும்ணே."

"விட்டுப்போனதா? இந்தா பாரு, வெட்டுன தழும்பு. நீ வெட்டுறப்ப எத்தன தடவ பாத்திருக்கேன்! யாரோ கட்டர் வச்சு நறுவிசா எடுத்திருக்கான்."

"விடுங்கண்ணே. நம்ம லேபுலயே செஞ்சுறலாம். பல்லுக்கு க்ளிப் செய்யிற மெஷின் இருக்குல்ல? பிளாஸ்டிக் தாளச் சூடு பண்ணி அச்சு மேல இழுத்தா கண்ணாடி ரெடி. அர மணி நேர வேல."

சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது. அரை மணி நேர வேலை. அன்றைக்கு அது ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் இல்லை. அந்த அரை மணி நேரத்துக்குச் சோம்பல்பட்டான். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது.

"செய்யலாம்னா செய்யி. அது கெடக்கட்டும். எடுத்தது யாரு?" மாயக்கண்ணனின் முகம் மாறியது. "எனக்கு லக்கேஜ் கூடிப்போச்சுன்னு ரெண்டு பெட்டியையும் அழகுசுந்தரந்தான் பெறகு கொண்டாந்தான். மூணு மாசம் அவன் வீட்டுல கெடந்துச்சு. புள்ளைக வெளையாடக் குடுத்து ஒடைச்சிருப்பான். சொன்னா நான் என்ன தலையவா எடுப்பேன்?"

"சீல் இருந்துச்சேண்ணே..."

"அவன் மருமகன் பேக்கிங் கம்பெனியிலதான வேல பாக்குறான்? சீலு போடத் தெரியாதாக்கும்?"

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நாகேந்திரன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே! சொல்லுங்கண்ணே," பக்கத்து ஊரான கல்லலிலிருந்து அழகுசுந்தரத்தின் குரல் உற்சாகமாய் வந்தது. "பந்தக்காலு நட நாள் பாத்தாச்சு. முந்தின நாளே வந்துரணும்."

"அத விடு. அந்த லாரிப் பெட்டிய நீ பிரிச்சியா?"

"எந்தப் பெட்டி? ஓ, அதுவா? நான் ஏண்ணே பிரிக்கப்போறேன்?"

"உள்ள ஒரு சாமான் காணம். வெட்டி எடுத்திருக்கு. ஒன் வீட்டுலதான கெடந்துச்சு? எடுத்தா எடுத்தேன்னு சொல்லிட்டுப் போ. திரும்பச் சீலு போட்டு என் தலையில கட்டுற வேல எதுக்கு?"

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பெண்குரல், "யாருப்பா? என்னவாம்?" என்றது.

இப்போது சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். நாகேந்திரன் குனிந்து, மேசையில் கிடந்த சீல் தாளை மடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," அழகுசுந்தரம் மெதுவாகச் சொன்னார். "எத்தனையோ தடவ ஒங்க சம்பளக் கவர என் பையில வச்சுத் தூங்கியிருக்கேன். ஒரு பொம்ம லாரிக்குத் திருடுனேங்கிறீக. சரி. கல்யாணத்துக்கு நீங்க வரவேணாம்."

போன் அறுந்தது.

"பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு! எப்படிக் கோவம் வருது பாரு," என்றார் மாயக்கண்ணன். நாகேந்திரன், "லேபுல ஆள் காத்திருக்கும்ணே," என்று எழுந்து வந்துவிட்டான். யாரும் காத்திருக்கவில்லை.

நான்கு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் பகலில் முத்தழகு லேபுக்கு வந்தாள். கையில் ஒரு தாம்பாளம், அதில் பட்டு வேட்டி, சேலை, பழம்.

"தம்பி, இந்த மனுசன் அங்குட்டுப் போக மாட்டேங்கிறாரு. சோறும் எறங்கல. பொட்டி பொட்டின்னு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எப்பிடியோ போகட்டும், மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? நீங்க கல்லலுக்குப் போய் இதக் குடுத்துட்டு வந்துருங்க." பைக்குள் கைவிட்டு ஒரு சுருளை எடுத்து நீட்டினாள். "கண்ணாடித்தாள் வாங்கியாந்தேன். சுத்திக் குடுங்க. ஒங்க கைதான் நறுவிசு."

அதே தாள். நாகேந்திரன் அதைக் கையில் வாங்கவில்லை.

"அண்ணன் வீட்டுல இருக்காரா அக்கா?"

"வேற எங்க போறாரு?"

அலமாரியைத் திறந்து பரிசு வாங்கிய லாரியை எடுத்தான். உதிரிச் சாமான் டப்பாவின் அடியிலிருந்து இன்னொன்றையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். தெருவில் நடக்கும்போது நாலு பேர், "என்ன நாகேந்திரா, அடுத்த போட்டியா?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டிவைத்தான்.

மாயக்கண்ணன் முன் லாரியை வைத்தான். நக நுனியால் ஒரு நெம்பு. முன்கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது.

"நூத்திப் பதினாலு இதுதாண்ணே. நாந்தான் எடுத்தேன்."

பசை, பஸ், சாவி, சீல் எல்லாவற்றையும் சொன்னான். வெளுத்துப்போன கண்ணாடியையும் எடுத்து வைத்தான். மாயக்கண்ணன் எதையும் தொடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் போன்ல அவனப் பேசுறப்ப நீ இந்த நாக்காலியிலதான இருந்த?"

"ஆமாண்ணே."

"வாயத் தொறக்கல."

"ஆமாண்ணே."

"கண்ணாடிய எடுத்தது கூடப் போகுது போ. எனக்குத்தான் புத்தி எங்க போச்சு? சாவி ஒங்கிட்ட இருந்துச்சு. கட்டர் ஒங்கிட்ட இருந்துச்சு. ஒன்னய நெனைக்கவே தோணல. அவன் மேல பழியப் போட எனக்கு ஒரு நிமிசம் ஆகலயேய்யா."

நாகேந்திரனைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்.

"கெளம்பு. அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். நீயும் சொல்லணும், நானும் சொல்லணும்."

கல்லல் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நடுவில் தாம்பாளம்.

அழகுசுந்தரம் வாசலில் பந்தல்காரரோடு நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பப் போனவர், தாம்பாளத்தைப் பார்த்து நின்றார். வாசலில் நின்ற வேப்பமரத்துக்குக் கீழே, பந்தல்காரர் காதில் விழ, நாகேந்திரன் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டாம் தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை.

மாயக்கண்ணன், "தப்பு பண்ணிட்டேன்டா சுந்தரம்," என்றார். அவ்வளவுதான் வந்தது.

அழகுசுந்தரம் அந்த வெளுத்த கண்ணாடியை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதயா கெட்டுப்போச்சுன்னு கழட்டிப் போட்டீக?"

"ஆமாங்க."

"ஏண்ணே, நம்ம வண்டிக் கண்ணாடி எப்பிடி இருந்துச்சு? மணல்காத்து அடிச்சு அடிச்சு? காலைல எதுத்தாப்ல சூரியன் வந்தா ரோடு தெரியுமா? தலைய வெளிய நீட்டிக்கிட்டுல்ல ஓட்டுனோம்!"

மாயக்கண்ணன் நிமிர்ந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். "அட ஆமாடா. இதேதான். கீறல் மொதக்கொண்டு." பிறகு நாகேந்திரனைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேனேய்யா. இப்பிடியே கொண்டு போ, இதுதான் அசல்னு."

அன்றைக்கு நாகேந்திரன் திருடியிருக்கவே வேண்டியதில்லை.

"இதையே மாட்டிக் கட்டிக் குடுங்க," என்றார் அழகுசுந்தரம். பிறகு மாயக்கண்ணனிடம், முகத்தைப் பார்க்காமல், "வந்தது வந்தீக. கை கழுவுங்க, சாப்புடலாம். ஆனா மறந்துட்டேன்னு மட்டும் நெனைச்சுக்கிறாதீக," என்றார்.

சோறு மூவருக்கும் மெதுவாகத்தான் இறங்கியது.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மணமக்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்த லாரி நின்றது. துரு, புழுதி, டயரில் மணல். மங்கிய முன்கண்ணாடியைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். மாயக்கண்ணன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கிளம்பும்போது வீட்டுச் சாவியை இந்தத் தடவை எதிர்வீட்டில் கொடுத்திருந்தார். நாகேந்திரன் அதைப் பார்த்தான், பார்க்காதது போல் பஸ் ஏறினான்.

"அங்கிள்!" அழகுசுந்தரத்தின் மகள் சத்தியப்பிரியா போனில் படம் எடுத்தபடி வந்தாள். "எல்லாத்தையும் விட இந்தக் கண்ணாடிதான் சூப்பர். மணல் அடிச்ச மாதிரியே இருக்கு. எப்பிடிப் பண்ணீக?"

நாற்காலியில் மாலையோடு இருந்த அழகுசுந்தரம் திரும்பிப் பார்த்தார்.

"நான் பண்ணலம்மா. பசைய மாத்திப் போட்டுட்டேன். வீணாப்போச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "பாத்தீகளா, கைவேலக்காரங்கல்லாம் இப்பிடித்தான். தன்னடக்கம்!" என்றாள் சத்தியப்பிரியா. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. மாயக்கண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போனில் பின்னால் கேட்ட பெண்குரல் இவளுடையதுதான் என்று நாகேந்திரனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"தன்னடக்கம் இல்லம்மா," என்றான். "போன மாசம் ஒங்கப்பாவ ஒருத்தர் போன்ல திருடன்னு பேசுனாருல்ல? அந்தத் திருட்டு என்னோடது. இப்பிடி உக்காரு. மொதல்லேர்ந்து சொல்றேன்."

சத்தியப்பிரியா போனைக் கீழே இறக்கினாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.