நெட்டை எடுத்த அளவு

அந்தப் பழைய படத்தின் கதையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்கூட அதில் வரும் தையல்காரரை நடித்துக் காட்டிவிடுவார்கள். பல்லிடுக்கில் குண்டூசியைக் கவ்வினாற்போல் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, எதிரே நிற்பவரின் தோளை விரலால் தட்டித் திருப்புவார்கள்.

அந்த வேஷத்தில் நடித்தவரை ஸ்டூடியோவில் நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். கூட்டத்தில் நிறுத்தினால் தலை மட்டும் தனியாகத் தெரியும் என்பதால் கூட்டத்தில் நிற்கும் வேலைகூட அவருக்கு எப்போதாவதுதான் கிடைக்கும். அவர் மனைவி அதே ஸ்டூடியோவின் உடை அறையில் தையல் வேலை பார்த்தாள்.

படம் சோகப் படம். காதலி ரயிலேறிப் போய்விட்டாள். கதாநாயகனுக்கு வேறு பெண்ணோடு கல்யாணம். கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க நிற்கும்போது அவன் மனசில் இருப்பதையெல்லாம் நண்பனிடம் கொட்டுகிறான். தையல்காரருக்கு ஒரே வசனம்: "கையைத் தூக்குங்க."

"நீ அங்க நாற்காலி மாதிரிப்பா. சும்மா நின்னா போதும்" என்றார் டைரக்டர்.

நெட்டைக்கு அது பிடிபடவில்லை. தையல்காரரைக் கூப்பிட்டால் அவர் அளவுதானே எடுப்பார்? எடுத்தார். "போய்விட்டாள்!" என்று நாயகன் கையை வீசியதும் அந்தக் கையின்மேல் டேப் நீண்டது. நெஞ்சில் அறைந்துகொண்டபோது, அறைந்த கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே டேப் நுழைந்தது. கடைசியில் நாயகன் தேம்பிக்கொண்டே, நண்பனை விட்டுவிட்டு, கிட்டே இருந்த நெட்டையின் தோளில் சாய்ந்துவிட்டார். வாய் நிறைய ஊசி. என்ன பேசுவது? "ம்ம்" என்றபடி நாயகனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கை அங்கே போனது போனதுதான் என்று முதுகையும் அளந்துகொண்டார்.

டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துபோனார். கேமராக்காரர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கும் குடும்பத்துக்கும் போட்டுக் காட்டினார்கள். அந்த இடத்தில் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அதே மூச்சில் மூக்கையும் உறிஞ்சியது. விளக்கு எரிந்ததும் டைரக்டர் நாயகனிடம் குனிந்து, "அவன் வர்றதை வெட்டிடலாமா?" என்று கேட்டார்.

"வெட்டினா நான் ஒருத்தன்தான் அழுவேன். இப்ப எல்லாரும் அழறாங்க. இருக்கட்டும்" என்றார் நாயகன். போகிற போக்கில் நெட்டையைப் பார்த்து, "அடுத்த படத்துல என் பக்கத்துல நிக்காதே" என்றார். உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

நெட்டைக்குத் தரையில் கால் பாவவில்லை. மனைவியிடம் சொல்லத் திரும்பினார். அவள் இருக்கை காலியாக இருந்தது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு? எதுக்குச் சுருக்கினீங்க? தோளைத் தட்டித் திருப்புறது, ஊசியோட 'ம்ம்'னு பேசுறது, எல்லாம் யாரு? அவ்வளவு பேரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

நெட்டை திகைத்துப்போனார். அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. டேப்பைக் கையில் எடுத்ததும் அவள் கூடவே வந்துவிட்டாள், அவ்வளவுதான். "எனக்கு வேற தையல்காரங்க யாரையும் தெரியாதே" என்றார். அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று.

உடை அறையில் அவள் ஊசியை வாயில் வைத்தாலே பக்கத்து மேசைக்காரிகள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் ஊசியை மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப் பொதியில் குத்திக்கொள்ள ஆரம்பித்தாள். வீட்டில் "சாப்பாடு இருக்கு" என்பதற்கு மேல் பேச்சில்லை.

படம் வெளியாகி, கூட்டம் நாளுக்கு நாள் ஏறியது. அப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்று ஒரு மதியக் காட்சிக்கு அவள் யாரிடமும் சொல்லாமல் போனாள். பக்கத்து இருக்கையில் இருந்த பருத்த அம்மாள், தையல்காரர் வந்ததுமே அவளை முழங்கையால் இடித்து, "இனிமேதான் பாருங்க" என்றாள். சிரிப்பு அலையலையாக எழுந்தது. நாயகன் தோளில் சாய்ந்ததும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படி ஒருத்தர் வீட்டுல இருந்தா போதும்ல? ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஆனா கூடவே நிப்பாரு."

அவள் திரையில் அந்தக் கையைப் பார்த்தாள். தம்பி வேலை போய் வாசலில் வந்து நின்ற அன்று, வெட்டிக்கொண்டிருந்த துணியைக்கூடக் கீழே வைக்காமல் அவன் முதுகை அவள் தட்டிக்கொடுத்தது அப்படியேதான். கணவர் அறைக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்றல்லவா அன்று நினைத்திருந்தாள்.

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது.

"அவரு எங்க வீட்டுலதான் இருக்காரு" என்றாள். அந்த அம்மாள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள்.

சாயங்காலம் அவள் வந்தபோது நெட்டை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"படம் பார்த்துட்டு வர்றேன்."

அவர் கை நின்றது.

"ஊசியைப் பல்லால கடிக்கவே கூடாது. உதட்டுலதான் பிடிக்கணும். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பல்லு கூசுது."

"இனிமே மாத்த முடியாதே."

"அடுத்த தடவை கேட்டுட்டுச் செய்யுங்க."

"அடுத்தது போலீஸ் வேஷம்" என்றார் நெட்டை, தயங்கித் தயங்கி.

அவள் ஈரத்துணியை அவர் கையிலிருந்து வாங்கி உதறினாள். "அதுக்கும் என்னைத்தான் பாப்பீங்க" என்றாள்.